அட்டைப்படத்துக் கூடை
(மலைநாட்டு அச்சின் கதை – 17)

சென்ற இதழை 1947 பொதுத்தேர்தலோடு நிறுத்தினோம். இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். லிந்துலையை அடுத்த தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் ஒரு கவிஞர்; மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த சட்டங்களும் சேர்ந்து, அவருக்கு வாக்குப் போட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்துவிட்டன.

இந்த இதழில் தேர்தலை விட்டுப் புத்தகக் கடைப் பக்கம் போவோம். லிந்துலை, அக்கரப்பத்தனை, நாகசேனை மலைகளில் வாழ்ந்த மக்களைப் பற்றி நாவல்கள் அச்சாகத் தொடங்கின. அவை 'மலையக நாவல்' என்ற பெயரில் கடைக்கு வந்தன. அந்தப் பெயரே வாசகர் மனத்தில் ஒரு கதையை முன்கூட்டி எழுதி வைத்துவிட்டது. புத்தகத்தைத் திறக்கும் முன்பே அதில் என்ன இருக்கும், எங்கே அழ வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இது எப்படி நேர்ந்தது என்பதே இந்த இதழின் செய்தி.

பெயர் வருமுன்

1920களில் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் எதைப் படித்தார்? அச்சுப் புத்தகம் தோட்டத்துக்குள் வந்த வழி சந்தையும் திருவிழாவும்தான். சென்னை கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் கடையில் அச்சான பெரிய எழுத்துப் புத்தகங்கள் கப்பலேறி வந்தன: நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்றவை. லயம் எனப்படும் வரிசை வீடுகளின் இஸ்தோப்பில் (திண்ணையில்) ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிப் பழகிய மக்கள் அவர்கள். அந்தக் கதைகளில் தேயிலை கிடையாது. துரையும் கங்காணியும் கிடையாது. கதை என்றால் அது கதையாக இருந்தால் போதும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு.

தங்கள் சொந்தக் கஷ்டத்தை அவர்கள் வேறோர் இடத்தில் வாங்கினார்கள். ரயில் நிலையத்திலும் சந்தையிலும் பாடிக்கொண்டே விற்ற பாட்டுத் தாள்கள் அவை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை அப்படிப் பாடினார். பின்னர் கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் போன்றவர்கள் வந்தார்கள். பிரஜாவுரிமை, சம்பளம், சங்கம் எல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. பாட்டு நியாயம் கேட்டது. கதை வேறு உலகத்துக்குக் கூட்டிப்போனது. வாசகருக்கு இரண்டும் வேண்டியிருந்தன, இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

நடேசய்யரைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுக்கத் 'தேசபக்தன்' பத்திரிகையை அவர் தொடங்கியது 1924இல். அதே ஆண்டில் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறன்' என்ற நூலையும் வெளியிட்டார். மூலையில் உட்கார்ந்தபடியே குற்றங்களுக்கு விடை சொல்லும் கிழவரை ஆங்கிலத் துப்பறியும் கதை வாசகர்கள் பரோனஸ் ஓர்க்சியின் எழுத்தில் முன்பே அறிந்திருந்தார்கள். மலைநாட்டுத் தொழிற்சங்கத்தின் முன்னோடி தன் மக்களுக்கு ஒரு துப்பறியும் கதையைக் கொடுத்தார் என்பது நம் இலக்கிய வரலாறுகளில் ஓரத்தில் ஒரு வரியாகவே நிற்கிறது. எனக்கு இது முதல் வரியில் நிற்க வேண்டிய செய்தி. தோட்டத்தில் இருப்பவர் மூளைக்கு வேலை கொடுக்கும் கதையும் படிப்பார் என்று அவர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை பின்னால் வந்தவர்களிடம் குறைந்துபோனது.

துன்பத்தின் அச்சு

1935இல் சென்னையில் 'மணிக்கொடி'யில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அவள் வாழ்க்கை சீரழிகிறது. புதுமைப்பித்தன் இலங்கைக்கு வந்தவரல்லர். திரும்பிப் போனவர்களின் வாய்மொழியும் தன் கோபமும் கொண்டு எழுதினார். கதையின் வலிமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தமிழ் வாசகரின் மனத்தில் இலங்கைத் தேயிலைக்கு முதல் படம் விழுந்தது அங்கேதான். ஏமாற்றி அழைத்துப் போதல், பயணம், தோட்டம், பெண்ணுக்கு நேரும் கொடுமை, நோய், அழிவு. பின்னால் வந்த கதைகள் பல இந்தத் தடத்திலேயே நடந்தன.

1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' சென்னையில் வெளியானது. வள்ளி என்ற பெண்ணின் வாழ்க்கை வழியாக, ஊரைவிட்டு மலைக்கு வந்தவர்களின் கதையைச் சொன்ன நாவல். அதே ஆண்டில் நந்தியின் 'மலைக்கொழுந்து' வந்தது. நந்தி என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் செ. சிவஞானசுந்தரம், யாழ்ப்பாணத்தவர், மலைநாட்டில் மருத்துவராக இருந்தவர். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசுகள் மக்களைப் பங்கிட்டன. நாவல்கள் அச்சேறிய நேரத்தில் அவற்றின் வாசகர்களுக்கு நாடு இல்லை. பிறகு அவர்களில் பலர் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். மலைநாட்டு நாவலைப் பெரும்பாலும் வெளியாரே வாங்கிப் படிக்கும் நிலை இப்படித்தான் ஏற்பட்டது. இதை மறந்துவிட்டு அதன் அட்டையைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

எழுதியவர்களையும் கவனியுங்கள். நந்தி மருத்துவர். 'குருதிமலை', 'லயத்துச் சிறைகள்' எழுதிய தி. ஞானசேகரன் மருத்துவர். கடலுக்கு அப்பால், வால்பாறைத் தோட்டங்களை வைத்து 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' எழுதிய பி.எச். டேனியல் மருத்துவர். 'சொந்தக்காரன்' எழுதிய யோ. பெனடிக்ற் பாலன் ஆசிரியர். லயத்துக்குள் போக வழியும் உரிமையும் இருந்த வெளியார் மருத்துவரும் ஆசிரியரும்தான். அவர்கள் கண்ணால் பார்த்ததை மனச்சாட்சியோடு எழுதினார்கள். அவர்களுக்கு இந்த மக்கள் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் மருத்துவரிடம் வருபவர் நோயோடுதான் வருவார். அந்த மனிதர் திருவிழாவில் தப்பு அடிப்பதையோ, மனைவியைச் சிரிக்க வைப்பதையோ, சீட்டுப் பணத்தில் ஏமாற்றுவதையோ மருந்துச் சாலையில் காண முடியாது.

தட்டுக்குத் தட்டு

'மலையகம்' என்ற சொல் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராக வலுப்பட்டதும் 1960களில்தான். 'இந்தியத் தமிழர்', 'தோட்டக்காட்டான்' என்று பிறர் வைத்த பெயர்களை உதறிவிட்டு இளைஞர்கள் தாமே எடுத்துக்கொண்ட பெயர் அது. அதே காலத்தில் கொழும்பில் முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் கைலாசபதி, சிவத்தம்பி போன்ற விமர்சகர்களும் தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற கோரிக்கைகளை முன்வைத்தார்கள். தமிழ்நாட்டுக் கதைகளைப் போலச் செய்யாதே, உன் மண்ணை எழுது என்பது அதன் சாரம். நியாயமான கோரிக்கை. மலைநாட்டு எழுத்தாளருக்கு அது இரட்டைத் தைரியம் கொடுத்தது.

'வீரகேசரி' நாளிதழில் எஸ்.எம். கார்மேகம் தோட்ட மக்களுக்கான பக்கத்தைக் கவனித்து, மலைநாட்டு எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து எழுத வைத்தார். சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. கொழும்பிலிருந்து ரயிலில் தலவாக்கலையில் வந்திறங்கும் பத்திரிகைக் கட்டுக்காகக் காத்திருந்த ஒரு தலைமுறை இப்படி உருவானது. தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் அந்தப் போட்டிகள் வழியாக வெளிச்சத்துக்கு வந்தவர்கள்.

அடுத்தது வீரகேசரி பிரசுரம். 1970இல் வந்த சிறிமாவோ அரசு தமிழ்நாட்டு இதழ்கள், நாவல்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. சந்தையில் வெற்றிடம். அதை நிரப்ப மலிவு விலையில், மாதந்தோறும் வாங்கக்கூடிய நாவல்களை வீரகேசரி அச்சிட்டது. ஈழத்து நாவல் ஆயிரக்கணக்கில் விற்கும் என்று நிரூபித்தது இந்த முயற்சிதான். விற்ற விதம் நம் கதைக்கு முக்கியம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவின் நாவல். பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பின், வன்னியின் நாவல். இரண்டும் 1973இல் வந்தன. அடுத்த ஆண்டு தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' வந்தது: அது மலையகத்தின் நாவல். ஊருக்கு ஒரு புத்தகம் என்று வாசகர் அடுக்கிக்கொண்டார். எந்த எழுத்தாளர், என்ன பார்வை என்பதைவிட எந்தப் பிரதேசம் என்பது முதலில் வந்தது. அதே நிறுவனம் தன் 'மித்திரன்' பத்திரிகையின் வாசகர்களை நினைத்து ஜனமித்திரன் என்ற பெயரில் விறுவிறுப்பான கதைகளையும் வெளியிட்டது. ஒரே வீட்டுக்குள் இரண்டு தட்டுகள்: கனமான நாவலுக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு மற்றொன்று. மலை என்றால் அது கனமான தட்டுக்கு உரியது என்று ஆகிவிட்டது. நடேசய்யரின் மூலைக் கிழவருக்கு அந்த அலுமாரியில் இடம் இல்லாமல் போனது.

1974 என்ற ஆண்டையும் நினைவில் வைக்க வேண்டும். தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த ஆண்டு. மாவும் அரிசியும் கிடைக்காமல் மக்கள் நகரத்து வீதிகளில் கையேந்திய காலத்தில்தான் 'காலங்கள் சாவதில்லை' கடைக்கு வந்தது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் அதை வாங்கும் நிலையில் இல்லை.

கூடைக்கு வருவோம்

மலைநாட்டுப் புத்தகத் தலைப்புகளை ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். தூரத்துப் பச்சை. மலைக்கொழுந்து. ஒரு கூடைக் கொழுந்து. குருதிமலை. லயத்துச் சிறைகள். கவ்வாத்து. அந்தனி ஜீவா நடத்திய இதழின் பெயர் கொழுந்து. அட்டைகளிலும் திரும்பத் திரும்ப அதே படம்: பச்சை மலை, முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, இரண்டு விரலில் இரண்டிலையும் ஒரு மொட்டும், முகத்தில் சோகம் அல்லது புன்னகை.

இந்தப் படம் புத்தகத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தேயிலைப் பெட்டியில் இருந்தது. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவர் விளம்பரம். அந்த விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் நின்றாள். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. உலகமெங்கும் சிலோன் டீ என்ற பெயருக்கு முகம் அவளாகவே இருந்தாள். தேயிலை வாங்குபவருக்கு அவள் பெயர் தேவையில்லை. கூடையும் பச்சையும் இருந்தால் பொருள் அசல் என்று நம்பினார். நம் நாவலின் அட்டையும் அதே உறுதிமொழியைக் கொடுத்தது: உள்ளே இருப்பது அசல் மலையகம். பெட்டியில் சிரித்தவள் புத்தகத்தில் அழுதாள் என்பது மட்டுமே வேறுபாடு. இரண்டு இடத்திலும் அவள் எதற்கோ அடையாளமாக நிறுத்தப்பட்டவள்.

அந்தப் படத்தில் இல்லாதவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன். கொழுந்து எடுக்கப் போகிறவள் முதலில் இடுப்பில் படங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். தேயிலைச் செடியின் வாதுகள் சேலையைக் கிழிக்காமல் இருக்கவும், ஈரம் அண்டாமல் இருக்கவும் அது வேண்டும். தலையில் கொங்காணி. கையில் மட்டக்கம்பு, செடியின் மேல் அதைக் கிடத்திவைத்து அதற்கு மேலே நிற்பதை மட்டும் எடுப்பாள். காலில் அட்டைக்கடி. பின்னால் கங்காணியின் சத்தம். அவள் கண் கூடையில் இருக்காது, செடியில் கூட இருக்காது. பக்கத்து நிரையில் இருப்பவள் எத்தனை செடி முன்னால் போய்விட்டாள் என்பதில் இருக்கும். கொழுந்து மடுவத்தில் தராசுத் தட்டு ஏறும்போது கணக்கப்பிள்ளையின் பேனா எங்கே நிற்கிறது என்பதில் இருக்கும். இன்று முழுப்பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா என்பது அந்தப் பேனாவில்தான். இடையில் பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்குப் பால் கொடுக்க ஓட வேண்டும். கணக்கும் போட்டியும் கைத்திறமையும் தந்திரமும் நிறைந்த ஒரு வேலை அது.

என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதை இந்த இடத்தைத்தான் பிடித்தது. ஒரு பெண் ஒரே நாளில் எல்லாரையும் மிஞ்சிக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். அது அவள் கை எடுத்த கொழுந்தா என்று சந்தேகப்படுகிறார்கள். அவள் தன் திறமையை நிரூபித்துக் காட்டுகிறாள். கூடை இருக்கிறது, கொழுந்து இருக்கிறது, தலைப்பே அதுதான். ஆனால் கதையின் உயிர் இரக்கத்தில் இல்லை. தொழில்காரியின் ரோஷத்தில் இருக்கிறது. எத்தனையோ வாசகர்கள் இதையும் 'மலையகத் துயரக் கதை' என்று ஒரே வாயில் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டிருக்கிறேன். புத்தகம் எதைச் சொன்னாலும் அட்டை சொன்னதே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

ராமையாவின் அந்தத் தொகுப்பை 1980இல் வெளியிட்டது வைகறை. பதுளை மண்ணைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் நடத்திய வெளியீடு. 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1981இல் சி.வி.யின் 'வீடற்றவன்' என்று மூன்று ஆண்டுகளில் மூன்று நூல்கள். சங்கம் அமைக்க முயன்றவன் வேலையையும் இருந்த காம்பராவையும் இழந்து அலையும் கதை 'வீடற்றவன்'. மலைநாட்டு எழுத்தாளரை அவரவர் முகத்தோடு நிறுத்திய பதிப்பு முயற்சி என்று நான் மதிப்பது இதைத்தான். அது தொடர முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் நாடு போன போக்கில் பதிப்பாளரே சிறைக்கும் பின் புலம்பெயர் வாழ்வுக்கும் போக நேர்ந்தது.

பெயர் செய்த நன்மை

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் எழுந்தார்கள். தலவாக்கலைக்கு அருகில் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். லிந்துலை மக்களுக்கு அது அடுத்த மலையில் கேட்ட வெடிச்சத்தம். அந்தக் காலத்துக் காணிப் போராட்டத்தை எடுத்துக்கொண்டு வந்த நாவல் 'குருதிமலை', 1979, வீரகேசரி பிரசுரம். மலையக நாவல் என்ற தட்டு அதற்கு முன்பே கடையில் இல்லாதிருந்தால் அப்படியொரு நாவலை அச்சிட ஒரு வர்த்தக நிறுவனம் துணிந்திருக்காது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதை வாங்கிப் படித்தவர்களுக்கு மலை மக்கள் முதன்முறையாகத் திருப்பி அடிப்பவர்களாகத் தெரிந்தார்கள்.

ஆப்பிரிக்காவிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. லண்டன் ஹைனமன் நிறுவனம் 1962இல் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையைத் தொடங்கியது. முதல் நூல் சினுவா ஆச்செபேயினுடையது. ஒரே மாதிரியான ஆரஞ்சு அட்டைகள் ஒரு கண்டத்தின் எழுத்தை உலகத்தின் கைக்குக் கொண்டுபோயின. அந்த வரிசையில் இல்லாமல் தனித்து அறியப்பட்டிருக்க வேண்டிய எழுத்தாளர் பலர் 'ஆப்பிரிக்க நாவலாசிரியர்' என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டதும் அதனாலேயே.

தமிழ்நாட்டில் கி. ராஜநாராயணனை வட்டார எழுத்தாளர் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அவருடைய கரிசல் மண் கதைகளில் வாசகர் நகைச்சுவையையும் எதிர்பார்த்தார், காமத்தையும் எதிர்பார்த்தார், சாப்பாட்டையும் எதிர்பார்த்தார். மலையகத்திடம் மட்டும் கண்ணீரைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

2013

இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதைக் காட்ட ஓர் ஆண்டு போதும். டேனியலின் 'ரெட் டீ' 2007இல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. அதைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் திரைக்கு வந்தது. கங்காணியின் ஆசை வார்த்தை, நீண்ட நடை, கொத்தடிமை, கொள்ளை நோய். 1935இல் 'துன்பக்கேணி' போட்ட தடம் 2013இல் திரையரங்கில் முடிந்தது. தமிழ்நாடு முழுக்க மக்கள் அழுதார்கள். அழ வேண்டிய வரலாறுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் கோயம்புத்தூரில் தெளிவத்தை ஜோசப்புக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அதையொட்டி அவருடைய 'மீன்கள்' தொகுப்பும் 'குடைநிழல்' நாவலும் தமிழ்நாட்டு வாசகர் கைக்குப் போயின. 'குடைநிழல்' நாவலில் கொழுந்து எடுப்பவர் இல்லை. கொழும்பில் குடும்பத்தோடு வாழும் ஒரு மலைநாட்டுத் தமிழர், அவசரகாலக் கெடுபிடியில் கைதாகிறார். தடுப்புக்காவல், விசாரணை, அவர் நினைவில் ஓடும் வாழ்க்கை என்று போகும் நாவல். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் தேடி, வாடகை வீட்டில் பயந்து வாழும் மனிதர். இன்று லிந்துலையில் எந்த லயத்தில் விசாரித்தாலும் வீட்டுக்கு ஒருவராவது கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வீட்டு வேலையிலோ இருப்பார். மலையகத்தின் பாதி வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது. ஆனாலும் இது மலையக நாவல்தானா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தேயிலை இல்லாத மலையகத்தை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை.

என் கருத்தில் ஜோசப்பின் நாவல்களில் முதன்மையானது 'குடைநிழல்'. தேயிலைச் செடியின் மறைவில்லாமல் ஒரு மனிதனை நிறுத்தி, அவன் யார் என்று அரசு கேட்கும் கேள்விக்கு முன்னால் அவனைக் கூச வைத்த நாவல் அது. 'மீன்கள்' கதையும் அப்படியே. ஒரே காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு கணவனும் மனைவியும் வாழ வேண்டிய நெருக்கடியில் பிறக்கும் வெட்கத்தைச் சொல்லும் கதை. சம்பளம், சங்கம், வேலைநிறுத்தம் எதுவும் அதில் முன்னால் வந்து நிற்பதில்லை. லயத்தின் சுவரே கதை.

தலவாக்கலைப் பக்கம் பெரிய மல்லிகைப்பூத் தோட்டத்தில் பிறந்து தொழிலாளியாகவே வாழ்ந்த மல்லிகை சி. குமாரையும் இங்கே நினைக்க வேண்டும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் பெயார்வெல். மக்கள் வைத்த பெயரிலிருந்து தன் புனைபெயரை எடுத்துக்கொண்டவர். கவிதை எழுதினார், கதை எழுதினார், ஓவியம் வரைந்தார். 2020இல் காலமானார். 'தொழிலாளி எழுத்தாளர்' என்ற பெயர் அவருக்கு மேடை கொடுத்தது. அவர் தூரிகையை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று கேட்டால் விடை வருத்தமானது.

2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகள் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அதையொட்டி மலையகம் பற்றிய நூல்களுக்குப் புதிய தேவை பிறந்தது. பழைய நூல்கள் மறுபதிப்பாகின்றன, புதியவை வருகின்றன. இந்தத் தேவை நல்லது. பதிப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் மட்டும். மறுபதிப்புக்கு அட்டை போடும்போது முதலில் நாவலைப் படியுங்கள். கதையில் கூடை இல்லையென்றால் அட்டையிலும் வேண்டாம். பின்னட்டையில் மலையகம் என்ற சொல்லை எழுதுமுன் எழுத்தாளர் எந்த விதத்தில் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறார் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீரகேசரி பிரசுரம், ஜனமித்திரன், வைகறை வெளியீடுகள் அசல் அட்டையோடு கிடைப்பது அரிதாகிவிட்டது. ஈரமும் கறையானும் மலைநாட்டில் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. லிந்துலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் யார் வீட்டுப் பெட்டியிலாவது அப்படி ஒரு நூல் இருந்தால், அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து இந்த இதழுக்கு அனுப்புங்கள். விலை, ஆண்டு, விற்ற கடையின் முத்திரை தெரிந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுவோம்.

(அடுத்த இதழில்: 1977க்குப் பிறகு தமிழ்நாட்டு மாத நாவல்கள் மலைநாட்டுக் கடைகளுக்குத் திரும்பி வந்த கதை.)